காத்தாடிக்காரருக்கு ஒரு பிளக் பாயின்ட்

இழவு வீட்டில் யாரும் யாரையும் திருத்த மாட்டார்கள். செத்தவர் உத்தமர் என்றால் உத்தமர்தான். அவர் கையால் காலமெல்லாம் அடி வாங்கிய தம்பிகூடத் தலையாட்டிவிட்டுப் போவார். எங்கள் பருத்திப்பட்டு அடுக்ககத்தில் இரண்டாவது மாடித் தாத்தா காலமான அன்று, ஐஸ் பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது. தாத்தாவின் மருமகன், பாவம், எதையாவது பேச வேண்டுமே என்று, "எல்லாம் காத்தாடி கரண்டு. காத்து நின்னா இதுவும் நின்னுடும்," என்றார். நாங்களும் என்ன செய்வது என்ற முகத்தோடு உச்சுக்கொட்டினோம். மூலையிலிருந்து, துக்கத்துக்கு உண்டான தணிவோடு, ஒரு குரல் வந்தது.

"அப்படி இல்ல சார்."

அவர்தான். காத்தாடியில் வருகிற கரண்டு தனிக் கம்பியில் நம் தெருவுக்கு வருவதில்லை, எல்லாக் கரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது, காற்று குறைந்தால் மற்றதைக் கூட்டிக்கொள்வார்கள், இங்கே போயிருப்பது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ், வரும்போதே பார்த்தேன் என்று, பெட்டியில் கிடந்த தாத்தாவுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். மருமகனுக்கு அழுகையா கோபமா என்று தெரியாத ஒரு முகம். நான் சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டேன். என்ன இவ்வளவு துக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பெயர் எழுதவில்லை. எழுதினால் அதிலும் ஒரு எழுத்து தப்பு என்பார். எங்களுக்கு அவர் காத்தாடிக்காரர். தெற்கே காற்றாலைகளில் பல வருடம் ஏணி ஏறி வேலை பார்த்தவர். முட்டி போனபிறகு கம்பெனி அவரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்த்தி வைத்தது. ஒல்லி உடம்பு, பெரிய கை. பேச்சில் எப்போதாவது நெல்லை எட்டிப் பார்க்கும். லிஃப்டில், காய்கறி வண்டியில், சலூனில், எங்கே யார் காற்றாலையைப் பற்றியோ மின்சார வண்டியைப் பற்றியோ தப்பாக ஒரு வார்த்தை விட்டாலும் அவருக்குக் கால் நகராது. நின்றுவிடுவார்.

கோவில்பதாகை டீக்கடையில் ஒருநாள். மழை பொய்த்த ஆவணி. கடைக்காரர் எனக்கு டீயை ஆற்றிக்கொண்டே, "மழை எங்க சார் வரும்? தெக்கால லைன் கட்டி காத்தாடி நட்டு வச்சிகீறானுங்கோ. மேகம் அதுபாட்டுக்கு வந்துகினு கீது, அது ஒரே ஊதா ஊதி கடலாண்ட தள்ளிடுது," என்றார்.

நான் பக்கத்தில் நின்ற காத்தாடிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பலனில்லை.

"அப்படி இல்லண்ணே. காத்தாடி ஊதாது. காத்து ஊதும், அது சுத்தும். உங்க கடை ஃபேன் கரண்டைத் தின்னுட்டுக் காத்தைக் குடுக்குது. அது காத்தைத் தின்னுட்டுக் கரண்டைக் குடுக்குது."

கடைக்காரர் பாய்லருக்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்போ, மேகத்தைத் தள்ளிகினு வர வேண்டிய காத்தை அது துன்னுடுதுன்னு சொல்லு."

வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருப்பான். இவர் அந்தக் கேள்வியை மரியாதையாக எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் தின்னும்தான். பின்னால கொஞ்ச தூரத்துக்குக் காத்து கொறையும். ஆனா மேகம் அதுக்கு ரொம்ப மேல..."

"பாத்தியா நைனா," கடைக்காரர் என் பக்கம் திரும்பினார், "அவரே ஒத்துகினாரு."

இதுதான் அவரிடம் இருந்த வியாதி. தப்பைத் திருத்துகிற ஆள்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் தங்கள் பக்கத்துத் தப்பைத் தொட மாட்டார்கள். இவர் தொடுவார். நாலாவது மாடியில் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் இவருடைய பரம ரசிகன். "அங்கிளோட கரண்டு வண்டியில பொல்யூஷனே கிடையாது, ஜீரோ," என்று லிஃப்டில் யாரிடமோ பெருமை அடித்தான். "அப்படி இல்ல தம்பி. நம்ம கரண்டுல பாதிக்கு மேல கரி எரிச்சு வருது. அதுக்கும் மேல பேட்டரி செய்யறதுல ஒரு அழுக்கு இருக்கு. மொத்தமாக் கூட்டிப் பாத்தா பெட்ரோல் வண்டிய விடக் கம்மி. ஜீரோ இல்ல." பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்த தளத்தில் இறங்கிக்கொண்டான். அவன் வீடு அங்கே இல்லை.

அவர் மனைவி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். என் வீட்டுக்காரிக்கு அவர்தான் மொட்டைமாடித் துணை. "என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க அப்பா, மவ டிகிரி முடிச்சிட்டான்னு சொன்னாக. இவுக, ரெண்டு பேப்பர் பாக்கியாம்லா, இப்பதான் உள்ள அவளே சொன்னான்னுட்டாக."

"அப்புறமுமா அக்கா கட்டிக்கிட்டீங்க?"

"பொய் சொல்லாத மனுசன்னு நெனச்சேன். அது ஒரு சீக்குன்னு அப்பத் தெரியலியே."

அந்த அக்காவுக்குத்தான் நிஜமான சீக்கு. இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம். வாரத்துக்கு மூன்று நாள் அம்பத்தூரில் டயாலிசிஸ். போகும்போது நடந்து போகிறவர், வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாந்தி. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும். அதற்காகத்தான் காத்தாடிக்காரர் அந்தப் பழைய மின்சாரக் காரை வாங்கினார். உலகத்தைக் காப்பாற்ற வாங்கவில்லை. குலுக்காது, உறுமாது, வாசனை வராது. அம்பத்தூரிலிருந்து வீடு வரை அக்கா தூங்கிக்கொண்டே வருவார். பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு அவரே எழுந்திருக்கும்வரை இவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அந்த வண்டி நின்ற இடம் என் வண்டிக்குப் பக்கம். இங்கேதான் நான் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னல் வெட்டினால் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவேன், டிவி பிளக்கைப் பிடுங்குவேன், கடைசியில் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைப்பேன். பயம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஜோக் அடிப்பேன். ஆபீசில் எனக்கு நகைச்சுவை மன்னன் என்று பெயர். இரண்டும் ஒரே நோய் என்று என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஐப்பசியில் ஏரி தளும்பி பார்க்கிங்குக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்துவிட்டது. என் பெட்ரோல் வண்டியை மேட்டில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் அந்த மின்சார வண்டி. அதிலிருந்து கரண்டு தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று எனக்கு உறுதி. ரப்பர் செருப்பு, வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை, கையில் சப்பாத்திக் கட்டை சகிதம் இறங்கினேன். கட்டையால் அந்த வண்டியின் பக்கவாட்டைத் தொடலாமா என்று நீட்டிக்கொண்டிருந்தபோது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வந்தார், வெறுங்காலில்.

"என்ன சார், சப்பாத்தி போடறீங்களா?"

"கரண்டு லீக் ஆகுதான்னு பாக்கறேன் சார்."

"லீக் ஆனா நீங்க தண்ணியில கால் வச்சப்பவே தெரிஞ்சிருக்குமே."

பானெட்டில் உள்ளங்கையை வைத்து நின்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பெரிய தைரியம் சார் உங்களுக்கு," என்றேன்.

"அப்படி இல்ல சார். வண்டி ஆஃப்ல இருக்கு. நான் கை வச்சதுல எதுவும் நிரூபணம் ஆகலை. பேட்டரிக்குள்ள தண்ணி போகாம அடைச்சிருக்காங்க, அதான் விஷயம். ஆனா இடுப்பளவு தண்ணியில இதையும் ஓட்டக் கூடாது."

ஒருவன் தன்னைப் புகழ்வதைக்கூட ஒரு நிமிஷம் அனுபவிக்கத் தெரியாதவர். என் வண்டி தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப மறுத்தது. அதை மேட்டில் ஏற்றியது அவருடைய பெரிய கை இரண்டும்தான். நான் சப்பாத்திக் கட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டிக்குச் சார்ஜ் போட அவர் தன் முதல் மாடி வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டிருந்தார். அசோசியேஷன் தலைவர், ரிட்டயர்டு அதிகாரி, கறாரான ஆள், அது ஆபத்து என்று ஆட்சேபித்தார். நாங்கள் சண்டையை எதிர்பார்த்து பால்கனிகளில் நின்றோம். "நீங்க சொல்றது சரிதான் சார். இந்த ஒயர் சூடாகும்," என்று சொல்லி அவரே அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொந்த மீட்டரிலிருந்து முறையாக ஒயர் இழுத்து, தன் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தார். கீசருக்குப் போடுகிற அதே பிளக். ஒயர் பொதுச் சுவரில் போவதால் ஜெனரல் பாடி ஓட்டுப் போட வேண்டும் என்றார் தலைவர்.

அந்த வாரம்தான் எனக்கு அந்த வீடியோ வந்தது. எந்த நாடோ, ஏதோ ஒரு மின்சார வண்டி, மத்தாப்பு மாதிரி எரிந்தது. மூன்று தடவை பார்த்தேன். வியர்த்தது. மணல் வாளி ஒன்றை வாங்கி என் வண்டிக்கும் அவர் வண்டிக்கும் நடுவில் வைத்தேன். பிறகு வீடியோவை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பயத்தைப் பகிர்ந்தால் குறையும் என்று யார் சொன்னது? முப்பத்திரண்டு வீட்டுக்கும் போய் முப்பத்திரண்டு மடங்காக எனக்கே திரும்பி வந்தது. அதிலிருந்து வரும் கதிர் இருதயத்தில் கருவி வைத்தவர்களைக் கொன்றுவிடும் என்று ஒருவர், மூன்று வருடத்தில் பேட்டரி செல்போன் மாதிரி உப்பிவிடும் என்று இன்னொருவர். அவர் ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதினார். எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும். யாரும் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க்கிங்கிலேயே கூட்டம். இருபத்தேழு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள், வீட்டுக்கு ஒரு ஓட்டு. சமோசா, டீ. அக்கா வரவில்லை. முதல் நாள்தான் டயாலிசிஸ். அவர் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கட்டடத்துக் கரண்டு மொத்தமும் போய்விடாது, ஒரு கீசர் அளவுதான். கதிர் எதுவும் இல்லை, உங்கள் மிக்ஸியில் இல்லாதது எதுவும் இதில் இல்லை. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதற்கும் ஒயருக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருப்பார்.

தலைவர் கடைசியாகக் கேட்டார். "ஒரே கேள்வி. இது தீப்பிடிக்கவே பிடிக்காதுன்னு உத்தரவாதம் தர முடியுமா?"

முடியும் என்று சொல்ல வேண்டியதுதானே. தரகர் சொல்வார், டாக்டர் சொல்வார், மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள்.

"அப்படிச் சொல்ல முடியாது சார். பெட்ரோல் வண்டி பிடிக்கறதை விட ரொம்பக் கம்மி. ஆனா பிடிச்சா அணைக்கறது கஷ்டம். நிறைய தண்ணி வேணும்."

வீட்டுக்கு வீடு அடுப்பங்கரையில் ஒரு சிலிண்டரை வைத்துப் பொட்டிட்டுப் பூஜை செய்கிற நாங்கள், அந்த 'கம்மி' என்ற சொல்லைக் கேட்டு நடுங்கினோம். பயந்தால் நான் என்ன செய்வேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

"நல்லதாப் போச்சு சார்," எழுந்து சொன்னேன். "கார்த்திகைக்குத் திருவண்ணாமலை போற வேலை மிச்சம். தீபத்தை இங்கயே பாத்துக்கலாம். கிரிவலத்துக்குப் பார்க்கிங்கை நாலு சுத்து."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. சமோசா புரையேறி ஒருவர் தலையில் தட்டிக்கொண்டார். தலைவர்கூடக் கண்ணைத் துடைத்தார். காத்தாடிக்காரரும் சிரித்தார், அதுதான் கொடுமை. நல்ல ஜோக்குதான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் ஓட்டுக்கு விட்டார். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் நான் தூக்கினேன். பயந்தா, ஜோக் அடித்துவிட்டு அந்தப் பக்கம் தூக்க வெட்கப்பட்டா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"பதினஞ்சு," என்றார் தலைவர்.

"பதினாலு சார்," என்றார் அவர். "மூணாவது வரிசையில அவர் முதுகு சொறியறாரு."

வேண்டும் என்பவர்கள் பதிமூன்று. நன்றி சொல்லிவிட்டு நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார். லிஃப்டில் என் வீட்டுக்காரி, "ஜோக்கு நல்லா இருந்துச்சு," என்றாள். முதல் மாடி வந்ததும் இறங்கி அக்காவைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு நான் அவரை அதிகமும் சாலையில்தான் பார்த்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு சார்ஜிங் நிலையம். பழைய பேட்டரி, அடிக்கடி ஏற்ற வேண்டும். சில நாள் அங்கே வரிசை நிற்கும், சில நாள் மெஷினே வேலை செய்யாது. அன்றைக்கெல்லாம் ஆட்டோதான், பள்ளம், வாந்தி. ஒருநாள் மத்தியானம் சிக்னலில் நின்றபோது பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து வருகிற வழி. வண்டி சார்ஜில் நிற்கிறது. அக்கா முன் சீட்டில், முகத்தின் மேல் ஈரத்துண்டு. அவர் வெயில் படாமல் ஜன்னலுக்கு வெளியே ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சீட்டுக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்து ஓய்ந்தபிறகும் நிமிரவில்லை. என் வாழ்நாளில் நடித்த ஒரே சீரியஸ் வேடம் அதுதான்.

ஐந்து மாதம் அப்படி ஓட்டினார்கள். பிறகு குத்தம்பாக்கத்தில் தனி வீடு ஒன்று, வாசலிலேயே பிளக் உள்ளது, கிடைத்ததென்று காலி செய்துகொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி அங்கிருந்து இன்னும் தூரம். இரண்டு மாதம் கழித்து அக்கா போய்விட்ட செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் வீடியோ போட்ட அதே குழு. எல்லோரும் கும்பிடுகிற கை பொம்மையைப் போட்டார்கள். நானும் போட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆனபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. பஸ் பிடித்துப் போனேன். வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது, சுவரிலிருந்து ஒயர் அதற்குள் போயிருந்தது. அவர் இளைத்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். நான் வழியில் தயாரித்து வைத்திருந்ததை, பேச்சோடு பேச்சாக, லேசாகச் சொன்னேன்.

"நான் ஒருத்தன் கை தூக்கலைன்னாலும் அன்னைக்கு அது தோத்துத்தான் சார் போயிருக்கும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படி இல்ல சார். பதினாலு, பதிமூணு. நீங்க இந்தப் பக்கம் தூக்கியிருந்தா ஜெயிச்சிருக்கும்."

கோபமே இல்லை. இழவு வீட்டில் ஃப்யூஸைப் பற்றிச் சொன்ன அதே குரல். நடுவில் நிற்க எனக்குத் தெரியாது. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குத் தாவினேன்.

"அப்ப அக்காவை நான்தான் சார் கொன்னுட்டேன்."

"அதுவும் அப்படி இல்ல சார்," என்றார் உடனே. "அவளுக்கு வந்தது இன்ஃபெக்‌ஷன். பிளக் இருந்திருந்தாலும் வந்திருக்கும். டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்." வண்டியின் பக்கம் திரும்பினார். "பிளக் இருந்திருந்தா, அந்த அஞ்சு மாசம் அவ தூங்கி வந்திருப்பா. வாரத்துக்கு மூணு நாள். அவ்வளவுதான் சார்."

கொலைகாரன் என்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். ஒன்றுமில்லை என்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். என் தப்பை அளந்து, சரியான அளவில், கையில் கொடுத்துவிட்டார். இதற்கு ஏற்ற ஜோக் ஒன்று அகப்படுமா என்று உள்ளே துழாவினேன்.

"சார்ஜ் ஏறியாச்சு. வாங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்," என்று ஒயரைக் கழற்றினார்.

இடது பக்கக் கதவைத் திறந்தேன். அக்கா தூங்கி வந்த சீட், இன்னும் முழுக்கப் பின்னால் சாய்ந்திருந்தது. நிமிர்த்தட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டேன். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. சாலை மோசம். ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, தொட்டிலை இறக்குகிற மாதிரி இறக்கி ஏற்றினார். பக்கத்தில் படுத்திருந்தது நான்தான். இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்தார்.